எனக்கு இல்லை என்று அண்ணனிடம் சொல்ல

அண்ணன் குடிக்கிறாரா என்று அவர் வாயை மோந்து பார்த்தவள் நான். நேராகக் கேட்க தைரியம் இல்லை. தோளில் துண்டு நழுவுது என்று சரிசெய்கிற சாக்கில் கிட்டப் போய் மூச்சை இழுத்தேன். டீ வாசனையும் பீடி வாசனையும்தான் வந்தது. அப்போதும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. வாசனையே வராத சரக்கு இருக்குதாமே என்று அண்ணியைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "அப்படி ஒண்ணு இருந்தா எனக்கும் வாங்கிக் குடு, நானும் நிம்மதியா இருப்பேன்" என்றாள் அண்ணி.

அண்ணன் கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை மூட்டை ஏற்றும் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். நாற்பது வயதைத் தொடும் முன்பே அவர் நடை மாறிவிட்டது. காலை அகட்டி அகட்டி வைத்தார். திரும்பும்போது சுவரைத் தொட்டுக்கொண்டார். பேச்சு குழைந்தது. ஒருமுறை வேனை நிறுத்திய போலீஸ்காரர் ஊதச் சொன்னார். மெஷினில் ஒன்றும் காட்டவில்லை. மெஷின்தான் கெட்டுவிட்டது என்று போலீஸ்காரரே ஒருமுறை ஊதிப் பார்த்தாராம். அண்ணன் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். வண்டி முதலாளி சிரிக்கவில்லை. சாவியை வாங்கி வைத்துக்கொண்டார்.

எங்கள் அப்பாவும் கடைசிக் காலத்தில் இப்படித்தான் நடந்தார். அப்போது அதை வாதம் என்று சொல்லிவிட்டார்கள். அம்மா அப்பாவுக்குச் சொந்த அக்கா மகள். ரத்த சொந்தத்தில் கட்டினால் பிள்ளைக்கு ஆகாது என்று ஆஸ்பத்திரிச் சுவரில் எழுதிப் போட்டிருப்பார்கள் இல்லையா, அதைப் படித்துவிட்டு வந்த சித்திதான் முதலில் ஆரம்பித்தாள். அண்ணன் கால் பின்ன ஆரம்பித்ததும், "இவ அவரைக் கட்டினதாலதான் புள்ளைக்கு இப்படி" என்று அம்மா காதுபடவே சொன்னாள். அம்மா பதில் சொன்னதே இல்லை. அந்தப் பழியோடேயே போய்ச் சேர்ந்தாள். சித்தி பேசும்போது பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டியவர்களில் நானும் ஒருத்தி. எட்டாவதோடு நின்றவள்தான், ஆனாலும் சுவரில் எழுதியதைப் படிக்கத் தெரியும், அதனால் எல்லாம் தெரியும் என்று நினைத்துவிட்டேன்.

சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அண்ணனின் ரத்தத்தை எடுத்துப் பார்த்து நோயைக் கண்டுபிடித்தார்கள். பேர் நீளமாக இருந்தது. சிறுமூளை தேய்கிற நோய், பரம்பரையாக வருவது என்று சொன்னார்கள். அதை விளக்கிச் சொல்வதற்கென்றே அங்கே ஒரு மேடம் இருந்தார். சின்ன வயசுப் பெண். அண்ணன், அண்ணி, நான் மூன்று பேரும் எதிரே உட்கார்ந்தோம்.

நம் உடம்பில் ஒவ்வொரு புரதத்தையும் எப்படிச் செய்ய வேண்டும் என்று ஜீனில் எழுதியிருக்கிறது என்றார். அந்த எழுத்தில் ஒரு இடத்தில் மூன்றே எழுத்து திரும்பத் திரும்ப வரும். எல்லோருக்கும் கொஞ்சம் வரும். எங்கள் வீட்டில் அது அளவு மீறி வருகிறது. புரதம் மணி கோத்த சரம் மாதிரி. கோத்து முடிந்ததும் அது மடிந்து மடிந்து ஒரு வடிவத்துக்கு வர வேண்டும். அந்த வடிவம் இருந்தால்தான் வேலை செய்யும். எழுத்து திரும்பத் திரும்ப வந்தால் சரத்தில் ஒரே மணி வரிசையாகக் கூடிப்போகும்.

அதற்கு மேல் எனக்குப் பிடிபடவில்லை என்று என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார் போலிருக்கிறது. "நீங்க என்ன வேலை செய்றீங்கக்கா?" என்று கேட்டார்.

"புடவை மடிக்கிறேன் மேடம்."

வேங்கிக்காலில் என் வீட்டு முன் அறைதான் கடை. கல்யாணப் பெண்ணுக்குப் புடவையை முன்கூட்டியே கொசுவம் வைத்து, அயர்ன் பண்ணி, கிளிப் போட்டு, பெட்டி மாதிரி மடித்துக் கொடுத்துவிடுவேன். கட்டுகிறவள் இடுப்பில் சொருகினால் போதும். மேடத்துக்கு அந்த வேலை தெரிந்திருந்தது. அவர் கல்யாணத்துக்கும் அப்படித்தான் செய்தார்களாம்.

"அப்ப யோசிச்சுப் பாருங்க. புடவையில ஒரு இடத்துல மட்டும் துணி தேவைக்கு மேல நீளமா வந்துடுச்சு. என்ன பண்ணுவீங்க?"

"உள்பக்கமா மடிச்சு மறைச்சுடுவேன் மேடம்."

"செல்லும் அதைத்தான் பண்ணப் பாக்கும். மடிக்க உதவுறதுக்குன்னே உள்ளே வேற புரதங்கள் இருக்கு. சரியா மடியாததைக் கழிச்சுக் கட்டவும் ஏற்பாடு இருக்கு. சின்ன வயசுல சமாளிச்சுடும். வயசு ஏற ஏற முடியாது. மடியாதது ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். நல்லா இருக்கிறதையும் இழுத்துக்கும். அப்படியே சேந்து சேந்து, நடையையும் பேச்சையும் சீரா வைக்கிற செல்லெல்லாம் கெட்டுப்போகும்."

"அயர்ன் வெச்சு எடுக்கிற மாதிரி மருந்து எதுவும் இல்லையா மேடம்?"

"தேடிக்கிட்டு இருக்காங்கக்கா. இப்போதைக்கு இல்ல."

எங்கள் அப்பா சொந்தத்தில் கட்டியதைப் பற்றி அண்ணி கேட்டாள். மேடம் இல்லை என்று தலையை ஆட்டினார். "அது வேற மாதிரி நோய்க்கு. இது அப்பாகிட்ட இருந்து ஒரு கெட்ட பிரதி வந்தாலே போதும். அவர் யாரைக் கட்டியிருந்தாலும் இதேதான்." அம்மாவை நினைத்து எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அடுத்து அவர் சொன்னதில் அம்மாவும் மறந்துபோனாள். ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. காசைச் சுண்டிப் போடுகிற மாதிரி. அப்பா வழியாக இறங்கும்போது அந்தத் திரும்பத் திரும்ப வரும் எழுத்து இன்னும் கூடக்கூடும், கூடினால் நோய் இன்னும் சீக்கிரமே ஆரம்பிக்கும்.

அண்ணனுக்கு ஒரே மகள். அண்ணன் அவள் பெயரை எடுக்கவில்லை. என் பக்கம் திரும்பி, "அப்ப இவளுக்கு?" என்றார்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போனது. வேலைக்கு நடுவில் எழுந்து தரையில் டைல்ஸ் சேரும் கோட்டில் குதிகாலும் விரலும் ஒட்ட நடந்து பார்ப்பேன். கண்ணை மூடி மூக்கைத் தொடுவேன். ஊசி கைநழுவி விழுந்தால் அன்றைக்கு வேலை அவ்வளவுதான். புடவை கொடுக்க வந்த ஒரு அம்மா, நான் கோட்டில் நடப்பதைப் பார்த்துவிட்டு, வாஸ்து பார்க்கிறேனா என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

கடைசியில் என் வீட்டுக்காரர்தான் பிடிவாதமாக இருந்தார். நமக்கு ஒரு பையன் இருக்கிறான், உனக்கு இல்லை என்றால் அவனுக்கும் இல்லை, இப்படித் தினமும் செத்துப் பிழைப்பதற்குப் பதில் டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிடு என்றார். மேடம் உடனே ரத்தம் எடுக்கவில்லை. போய் யோசித்துவிட்டு வா, மறுபடி வா என்று அலையவிட்ட பிறகுதான் எடுத்தார்கள். ரத்தம் கொடுத்துவிட்டு வந்து அண்ணனிடம் சொன்னேன்.

"ரிசல்ட் வர்ற வரைக்கும் பௌர்ணமிக்குப் பௌர்ணமி நான் மலை சுத்துறேன்" என்றார்.

அண்ணிக்குக் கோபம் வந்துவிட்டது. "பாத்ரூம் போறதுக்கே செவுத்தைப் புடிச்சுக்கினு போற ஆளு நீ. மலையைச் சுத்தும்போது எதைப் புடிப்ப? மலையவா?"

"பொறக்கும்போதே முடிவாயிடுச்சுன்னு அந்த மேடம் சொன்னாங்களேண்ணா. இப்ப வேண்டி என்ன மாறப் போவுது?" என்று நானும் சொன்னேன்.

"மாத்தச் சொல்லி யாரு கேக்கப் போறது? நல்லதா முடிவாயிருந்தா அதுக்கு இப்பவே ஒரு நன்றி. கெட்டதா இருந்தா சண்டை. ரெண்டுக்கும் நேர்லதான் போவணும்."

ராத்திரிக் கூட்டத்தில் இடித்துத் தள்ளிவிடுவார்கள் என்று பகலிலேயே போனோம். நான் ஒரு பக்கம் கையைப் பிடித்துக்கொண்டேன். மலையைச் சுற்றி வர எனக்கே கால் வலிக்கும். அவர் ஒவ்வொரு அடியையும் தேடி வைத்தார். செருப்பில்லாத கால், வெயிலில் காய்ந்த சிமெண்ட் நடைபாதை. வழியில் வரும் ஒவ்வொரு லிங்கத்திடமும் நின்று கும்பிடும்போது, கையை எடுத்தால் விழுந்துவிடுவார் என்பதால் ஒரு கையால்தான் கும்பிட்டார். இன்னொரு கை என்னிடம் இருந்தது.

ரிசல்ட் சொல்லக் கூப்பிட்டார்கள். வீட்டுக்காரரோடு போனேன். மேடம் சுற்றிவளைக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்ததுமே, "உங்களுக்கு இல்லக்கா" என்றார்.

வீட்டுக்காரர் அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. முதலில் நினைவுக்கு வந்தது என் பையன். அவன் தப்பித்தான் என்று நினைத்தேன். அண்ணன் நினைப்பு அதற்கப்புறம்தான் வந்தது. வந்ததும் ஒரு பைத்தியக்காரக் கேள்வி கேட்டேன்.

"அவர் எடுத்துக்கிட்டதாலதான் எனக்கு வரலையா மேடம்?"

"இல்லக்கா. அவருக்கு விழுந்த காசு வேற, உங்களுக்கு விழுந்த காசு வேற. அவருக்கு இல்லாம இருந்திருந்தாலும் உங்களுக்கு இதேதான் வந்திருக்கும்."

புத்திக்குப் புரிந்தது. மனசுக்கு இன்றுவரை புரியவில்லை. வீட்டில் இரண்டு பங்கு வைத்து, ஒன்று கெட்டது என்று தெரிந்ததும் அண்ணன் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்ட மாதிரியே இருக்கிறது. சின்ன வயதில் குழம்பில் கருகிய கத்தரிக்காயை அவர் எடுத்துக்கொண்டு நல்லதை எனக்குத் தள்ளுவார். அப்படி.

ஆனால் அன்றைக்கு நான் என்ன செய்தேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும். திரும்பும் வழியில் ஓட்டலில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டேன். வேண்டாவெறுப்பாக இல்லை. நல்ல பசி. எலும்பைக்கூடக் கடித்துத் துப்பினேன். வீட்டுக்காரர் ஏதோ சொன்னதற்குப் பஸ்ஸில் சத்தமாகச் சிரித்தேன், முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அண்ணனுக்கு அப்போதே தண்ணீர் குடித்தாலே புரையேற ஆரம்பித்திருந்தது. செஞ்சி தாண்டி நம் மலை தூரத்தில் தெரிந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. ஊருக்குள் போய் அவர் முகத்தைப் பார்த்து என்ன சொல்வது? எனக்கு இல்லண்ணா. அவ்வளவுதான். இரண்டே சொல்தான். வாய் வரவில்லை.

"லேட் ஆவுமாம்ணா" என்று சொல்லிவிட்டேன்.

"சரி, அவசரம் இல்ல" என்றார்.

அவசரம் எனக்குத்தான் இருந்திருக்க வேண்டும். அடுத்த பௌர்ணமி வந்தது. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தயாராக நின்றார். வீட்டுக்காரர் என்னைத் தனியாக இழுத்து, "சொல்லித் தொலையேன், அந்த மனுசனை எதுக்கு நடக்க விடுற?" என்றார். சொல்கிறேன், வழியில் சொல்கிறேன் என்று கிளம்பினேன். எம லிங்கத்தில் சொல்லலாம் என்று நினைத்தேன். அங்கே அவர் கண்ணை மூடி முணுமுணுத்ததில் என் பேர் கேட்டது. சொல்லவில்லை. அதற்கடுத்த நிருதி லிங்கமும் போனது. முழுக்கச் சுற்றி வந்துவிட்டோம், சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து அவர் கால் கொப்புளத்துக்கு மஞ்சள் பத்து போட்டேன். போடும்போது என் கை நடுங்கியது. அதைப் பார்த்து அவர் முகம் செத்துப்போனது. பயந்துவிட்டார், எனக்கும் ஆரம்பித்துவிட்டது என்று. அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். "வெயில்ல நடந்தது, வேற ஒண்ணுமில்ல" என்றேன்.

அதற்கடுத்த பௌர்ணமியில்தான் விழுந்தார். அடி அண்ணாமலை தாண்டுகிற இடத்தில் எதிரே ஒரு பைக் ஒதுங்கி வந்தது. நான் அவரை இழுக்க, அவர் வேறு பக்கம் திரும்ப, கை நழுவிவிட்டது. முகம் நடைபாதையில் மோதியது. மோவாய் கிழிந்து ரத்தம் சட்டையில் இறங்கியது. பக்கத்தில் இளநீர் வெட்டிக்கொண்டிருந்த அம்மா கத்தியைக் கீழே போடாமலேயே கத்தினாள்.

"பட்டப்பகல்லயே ஊத்திக்கினு சாமி சுத்த வந்துட்டான் பாரு! கூட ஒரு பொம்பள வேற தாங்கிக்கினு வருது!"

அண்ணன் எழ முயன்றுகொண்டே சொன்னார்: "கடையில வாங்கினது இல்லம்மா. எங்கப்பா ஊத்தி உட்டது. எறங்கவே மாட்டேங்குது."

அவளுக்கு என்ன புரிந்ததோ, கத்தியை வைத்துவிட்டு வந்து அவருடைய இன்னொரு கையைப் பிடித்துத் தூக்கினாள். தன் கடை நிழலில் உட்கார வைத்தாள். "முன்னாடியே நோவுன்னு சொல்றதில்ல?" என்று என்னைத் திட்டினாள். ஒரு இளநீரை வெட்டிக் கொடுத்தாள். என் முந்தானையை நனைத்து அவர் மோவாயில் வைத்து அழுத்தினேன். ரத்தம் நிற்கவில்லை. என்னால் அதற்கு மேல் முடியவில்லை.

"எனக்கு இல்லண்ணா."

"இன்னா இல்ல?"

"அந்த நோவு. எனக்கு இல்ல. சொல்லிட்டாங்க."

அவர் இளநீரைக் கீழே வைத்தார். "எப்போ?"

"ரெண்டு பௌர்ணமிக்கு முன்னாடியே."

என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

"ஏண்டி, அப்ப போன மாசம் நான் சுத்துனது யாரு கணக்குல போச்சு?" என்றார். சிரிக்க வாயைத் திறந்தார். மோவாய் வலித்திருக்க வேண்டும், சிரிப்பு பாதியில் நின்றது. பிறகு என் தலையில் கை வைத்தார். அந்தக் கை ஒரு இடத்தில் நிற்காமல் ஆடிக்கொண்டே இருந்தது. "நீ நல்லா இருந்தா அது போதும். எதுக்குடி மறைச்ச?"

"உனக்கு இருக்கும்போது எனக்கு இல்லன்னு எப்படிண்ணா சொல்லுவேன்?"

அவர் வேறொன்று கேட்டார். "இல்லன்னு சொன்னதும் உனக்கு எப்படி இருந்துச்சு? நெஜத்தைச் சொல்லு."

பொய் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டிருந்தது. "சந்தோஷமா இருந்துச்சுண்ணா. உன் நெனப்புகூட முதல்ல வரல" என்றேன்.

"அதைப் போய் என் பொண்ணுகிட்ட சொல்லு."

எனக்குப் புரியவில்லை.

"டெஸ்ட் எடுக்கலாமா வேணாமான்னு கெடந்து அல்லாடுறா. அத்தைக்கு ரிசல்ட் வரட்டும், அவங்க எப்படி இருக்காங்கன்னு பாத்துட்டு முடிவு பண்றேன்னு சொல்லிட்டு ஒக்காந்திருக்கா. நீ வாயத் தொறப்பேன்னு ரெண்டு மாசமா காத்துக்கினு இருக்கா. எங்கிட்ட சொல்லக் கூச்சமா இருந்தா அவகிட்டயாவது சொல்லியிருக்கலாமே பாப்பா."

விழுந்தது அவர், ரத்தம் அவருடையது. அந்த நிமிஷத்தில் எனக்குத்தான் தரை நழுவியது. அண்ணனைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு நான் மூடி வைத்திருந்தது, வேறொருத்திக்கு வேண்டியதாக இருந்திருக்கிறது. அந்தப் பெண்ணை நான் ஒருதரம்கூட நினைக்கவில்லை. நினைக்கவில்லை என்பதும் பொய். நினைத்தால் பயமாக இருந்ததால் நினைக்காமல் இருந்தேன்.

மீதி வழியை ஆட்டோவில் போகலாம் என்றேன். வேண்டாம் என்று எழுந்தார். எழ முடியவில்லை. சரி என்று உட்கார்ந்தார். ஆட்டோவில் போனோம். அண்ணி வாசலிலேயே அவர் சட்டையைப் பார்த்துவிட்டு, அதே ஆட்டோவில் ஏறி ஆஸ்பத்திரிக்கு விடச் சொன்னாள். அங்கே மோவாயில் தையல் போட்டார்கள்.

மறுவாரம் அண்ணன் மகளே என் வீட்டுக்கு வந்தாள். கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் ஜெராக்ஸ் கடையில் கம்ப்யூட்டர் வேலை செய்கிறாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்து, மடிக்க விரித்திருந்த பட்டுப்புடவைக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"அப்பா எல்லாம் சொன்னாரு அத்தை. இப்ப நீங்க சொல்லுங்க."

சொன்னேன். ஒன்றும் விடவில்லை. பையன் தப்பித்தான் என்று நினைத்தது, சாப்பிட்டது, சிரித்தது எல்லாம். அவள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "இல்லன்னு சொன்னப்புறமும் கோட்டுல நடந்து பாக்குறீங்களாமே, மாமா சொன்னாரு" என்றாள்.

"பாக்குறேன்."

"அப்ப இல்லன்னாலும் பயம் போவாதா?"

"எனக்குப் போவல. நான் அப்படிப்பட்டவ. நீ தைரியசாலி."

"தைரியசாலியா? நான் ஸ்கூட்டர்ல திரும்பும்போதெல்லாம் கால் சரியா ஊணுதான்னு பாக்குறேன் அத்தை." அவள் புடவையின் ஒரு கொசுவத்தைக் கிளிப்பில் இருந்து எடுத்து மறுபடி மாட்டினாள். "எனக்கு இருக்குன்னு வந்தா நீங்க என்ன பண்ணுவீங்க?"

வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். உன்னோடேயே இருப்பேன், எங்கே வேண்டுமானாலும் கூட்டிப் போவேன், மருந்து வரும், தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்று மேடமே சொல்லியிருக்கிறார் என்றேன். அவள் நிறுத்தினாள்.

"அதெல்லாம் இல்ல. இப்ப தப்புப் பண்ணிட்ட மாதிரி என் எதிர்ல ஒக்காந்திருக்கீங்களே, இந்த மூஞ்சி. நாளைக்கு எனக்கு இருக்குன்னு ஆனா இந்த மூஞ்சியோட என் முன்னாடி வரக்கூடாது. நீங்க தப்பிச்சதுக்கு நான் ஆறுதல் சொல்ற மாதிரி ஆயிடும். அப்பா இப்ப அதைத்தான் பண்ணிக்கிட்டு இருக்காரு, அடிபட்டவரு அவரு, ஆறுதல் உங்களுக்கு. என்னால முடியாது அத்தை. வரமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க. நான் போய் அந்த மேடத்தைப் பாக்குறேன்."

கையை நீட்டினாள். அடித்துச் சத்தியம் செய்தேன்.

முதல் தடவை பேசிவிட்டு வர நானும் கூடப் போகிறேன். ரத்தம் எடுப்பாளா இல்லையா என்பது அவள் முடிவு, பேசி முடித்துவிட்டு அவளே சொல்வாள். அதுவரை நான் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். தினமும் காலையில் முகம் கழுவியதும் கண்ணாடி முன்னால் நின்று பழகிக்கொண்டிருக்கிறேன். சிரித்தால் பொய்யாகத் தெரிகிறது. சும்மா இருந்தால் அந்த மூஞ்சிதான் வருகிறது. மகள் சொல்லியிருப்பாள், நேற்று அண்ணன் போன் செய்து, "இன்னா, மூஞ்சி செட் ஆச்சா?" என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன். உண்மையைச் சொன்னேன்.